வெர்னா வாங்கிய மஞ்சள் கவுன்

அந்தக் காலத்து விண்வெளி வீரர்களின் மனைவிகளில் மிஞ்சியிருக்கும் நாங்கள் சிலர் வருஷத்துக்கு ஒருமுறை ஹூஸ்டனில் கூடிச் சாப்பிடுகிறோம். போய்ச் சேர்ந்த ஆண்களைப் பற்றிப் பேசுவோம். யார் முதலில் பறந்தார், யார் இரண்டு தடவை பறந்தார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த மேஜையில் நினைவுக்கு வருவதெல்லாம் பறக்காத ஒருவரின் மனைவிதான். வெர்னா ஹாஸ்கெட்.

1965இல் எங்கள் தெருவில் எல்லாமே வீரர்களின் வீடுகள். இருவர் போகும் விண்கலத்தில் வெர்னாவின் கணவர் டெல்மருக்கு ஓர் இடம் என்று முடிவாகி, பத்திரிகையில் பெயரும் வந்துவிட்டது. அன்றைக்கே வெர்னா கடைக்குப் போய் மஞ்சள் கவுன் ஒன்று வாங்கினாள். ராக்கெட் கிளம்பியதும் வீரரின் மனைவி வாசல் புல்தரையில் நின்று நிருபர்களிடம் பேச வேண்டும், நாடே பார்க்கும். "பெருமையா இருக்கு, சந்தோஷமா இருக்கு" என்று அவள் கண்ணாடி முன் நின்று பழகியதை நானே பார்த்திருக்கிறேன்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கையில் டெல்மருக்குக் காதில் ஏதோ கோளாறு. நடந்தாலே தலை சுற்றியது. டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். அவருக்கு மாற்றாளாகப் பயிற்சி எடுத்திருந்த வாரன் போவதென்று ஆயிற்று. வாரனின் மனைவி ஆர்லீன், வெர்னாவுக்கு அடுத்த வீடு.

"நாலு பேர் முன்னால வாயத் திறக்கத் தெரியாதுடி அவளுக்கு," என்றாள் வெர்னா என்னிடம். "அவ போய் டி.வி.ல நிக்கப்போறா. எல்லாம் என் தலையெழுத்து."

ஆனாலும் கிளம்பும் நாளன்று போகாமல் இருக்க முடியாது. அது எங்கள் தெரு வழக்கம். பறப்பவரின் வீட்டுக்கு ஆளுக்கொரு பாத்திரம் சாப்பாட்டோடு போய் டி.வி. முன் உட்காருவோம். வெர்னா ஒரு முழு ஹாம், பன்றித் தொடைக்கறி, சுட்டு எடுத்து வந்தாள். ராக்கெட் நல்லபடியாக மேலே போனது. எல்லோரும் கைதட்டினோம். வெர்னாவும் தட்டினாள், கொஞ்சம் தாமதமாக.

வாசலில் கேமராக்கள் குவிந்து நின்றன. ஆர்லீனைக் காணோம். குளியலறையில் வாந்தி எடுத்து, போட்டிருந்த நல்ல உடையையெல்லாம் பாழாக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னால முடியாது வெர்னா. நீ போய்ப் பேசேன். நீதான் நல்லாப் பேசுவ."

"மேல இருக்கறது என் புருஷனா?"

ஆர்லீன் அழ ஆரம்பித்தாள். வெர்னா பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குப் போய் மஞ்சள் கவுனை எடுத்து வந்தாள். ஒரு நாள்கூட உடுத்தாதது. ஆர்லீனுக்கு அதை மாட்டி, ஜிப்பை நான்தான் போட்டுவிட்டேன்.

"ஆர்லீன், உனக்குன்னே தெச்ச மாதிரி இருக்கே!" என்றாள் ஒருத்தி, விவரம் தெரியாமல்.

"எனக்கும் கண்ணு இருக்கு," என்றாள் வெர்னா.

"வெளிய போய் நான் என்னடி சொல்லட்டும்?" என்றாள் ஆர்லீன்.

"பெருமையா இருக்கு, சந்தோஷமா இருக்குன்னு சொல்லு. கைப்பையப் போட்டுக் கசக்காத."

ஆர்லீன் அப்படியே சொன்னாள். கூடவே போய் நின்ற வெர்னாவிடம் ஒரு நிருபர், "நீங்க யாரு மேடம்?" என்று கேட்டார்.

"பக்கத்து வீடு. ஹாம் கொண்டுவந்தேன்."

அடுத்த நாள் பத்திரிகைகளில் எங்கு பார்த்தாலும் அந்தக் கவுன்தான்.

கலம் திரும்பும் நாளும் வந்தது; மறுபடி ஆர்லீன் வீட்டில் கூடினோம். கீழே இறங்கும்போது சில நிமிஷம் பேச்சுத் தொடர்பு அறுந்துவிடும். அந்த நேரம் முழுக்க வெர்னாதான் ஆர்லீனின் கையைப் பிடித்திருந்தாள். வாரனின் குரல் கேட்டதும் வீடே கத்தியது. திரும்பிப் பார்த்தால் வெர்னா இல்லை.

அதன் பிறகு நடந்ததை அவளே பல வருஷம் கழித்துச் சொன்னாள். டெல்மர் தங்கள் வீட்டுச் சமையலறையில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

"எறங்கிட்டான் போல."

"எறங்கிட்டான்."

"நல்லது." ரேடியோவை அணைத்துவிட்டு, "வெர்னா, சத்தமே வராம இருந்துச்சே, அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாராம்.

"வேண்டாம் டெல்மர். சொல்லாத."

"சாகணும்னு இல்ல. கடல்ல எங்கயோ தள்ளிப் போய் விழணும், கப்பல்காரங்க நாள் பூராத் தேடணும். அவ்வளவுதான்."

வெர்னா அவரையே பார்த்தாள். "நாள் பூராவா? நான் ரெண்டு நாள்னு நெனச்சேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டெல்மர் தலை சுற்றி மேஜையைப் பிடித்துக்கொள்ளும் வரை சிரித்தார்களாம். அதற்கப்புறம்தான் அழுதார்களாம். காது கெட்டதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

டெல்மர் கடைசிவரை பறக்கவில்லை. அவர் வேலையை விட்டதும், கடற்கரை ஊரான கால்வெஸ்டனில் இருவருமாகப் படகு விற்கும் கடை போட்டார்கள். ஓரளவு நன்றாகவே நடந்தது. வாரனுக்கு இரண்டாவது பயணம் என்று செய்தி வந்த அன்று வெர்னா எனக்கு போன் செய்தாள்.

"மறுபடியும் அவனா? இந்த நாட்டுல வேற ஆளே கெடைக்கலையா?"

பின்னாலிருந்து டெல்மரின் குரல் கேட்டது: "நல்லாக் கேளு! இன்னும் சத்தமாக் கேளு!"