ஐந்தாவது ஸ்கிரிப்ட்

வேலையில் தப்பே வராது என்று அம்சவல்லிக்குத் தஞ்சாவூர் ஆபீசில் நல்ல பேர். அந்தப் பேர்தான் அவள் குடியைக் கெடுத்தது.

ஒரு தாலுகாவின் நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை அந்தக் கம்பெனி எடுத்திருந்தது. யாராவது நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும், நிரலைச் சோதிக்கும் பில்ட் மெஷின் தானாகவே ஷெல் ஸ்கிரிப்டுகளை, அதாவது கட்டளைக் கோப்புகளை, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். ஒன்று இடறினாலும் திரையில் சிவப்பு. எல்லாம் தேறினால் பச்சை. மொத்தம் ஏழு, ஏழும் அம்சம் எழுதியவை. ஐந்தாவது, சர்வே எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு உண்டாக்கி உரிமையாளர் பெயரைப் போடும். ஏழாவது, ஒப்படைக்கும் நாளில் மட்டும் ஓடும். பச்சை வந்தால் மூலத் தரவை அழித்துவிடும். அடுத்தவர் தரவு கம்பெனியிடம் தங்கக் கூடாதென்று ஒப்பந்தம். மழையில் ஊறிப்போன பேரேடுகளைப் பிரித்துத் தட்டச்சு செய்த தரவு அது. அடித்து முடிப்பதற்குள் தாளெல்லாம் கையிலேயே பொடிந்துவிட்டது.

ஒப்படைக்கும் நாளன்று, முதல் தடவையாக முழுத் தரவையும் கொடுத்தபோது, ஐந்தாவது மக்கர் பண்ணியது. மேனேஜர் இப்ராஹிம் ஓடி வந்தார்.

"அம்சம், அதிகாரிங்க வந்து உக்காந்திருக்காங்க. எதுக்கும்மா நிக்குது?"

"சில நம்பர்ல இடறுதுங்க சார். என்னன்னு பாக்கணும்."

"நாளைக்குப் பாரு. இப்பப் பச்சையக் காட்டு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஐந்தாவதில் இடறிய வரியின் கடைசியில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தாள். தவறினாலும் தேறியதாகவே வைத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். பச்சை வந்தது. ஏழாவதும் ஓடி முடிந்தது. பாழாய்ப்போன ஏழாவது! அது ஓடும் என்ற நினைப்பே அவளுக்கு அப்போது இல்லை. திருவையாற்று அசோகா அல்வா வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள், அவளும் இரண்டு வாய் சாப்பிட்டாள். மறுநாள் வேறு வேலை வந்தது.

நாலு மாதம் கழித்து அப்பா வீரையன் போன் செய்தார்.

"தாலுகாவுல நிக்கிறேம்மா. நம்ம நம்பரே இல்லையாம்."

பூதலூர்ப் பக்கம் அவர்கள் ஊர், கம்பெனி எடுத்த அதே தாலுகா. கழக ஆட்சியில், நில உச்சவரம்புச் சட்டத்தில், ஊர்ப் பண்ணையின் 112ஆம் சர்வே எண்ணைத் துண்டு போட்டு முப்பத்தொன்பது கூலிக் குடும்பங்களுக்குக் கொடி கட்டிய மேடையில் பட்டா கொடுத்தார்கள். அம்சத்தின் தாத்தாவுக்கு 112/14. பண்ணை வாரிசுகள் இப்போது அத்தனையும் தங்களுடையது என்று வழக்குப் போட்டிருந்தார்கள். கோர்ட் கணினி நகல் கேட்டிருந்தது.

"பட்டாக் காயிதம்தான் கையில இருக்கேப்பா!"

"அது கம்ப்யூட்டரோட ஒத்துப்போனாத்தான் செல்லுமாம். நூத்திப் பன்னெண்டு முழுசும் பழையபடி பண்ணை பேர்ல நிக்குதுங்கிறாங்க."

ஒப்படைத்த நாளில் மெஷின் குறித்துவைத்த லாகைத் திறந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள், எல்லாம் ஒரே தவறு. எண்ணின் நடுவே வரும் சாய்கோட்டைக் கண்டதும் மெஷின் அதை ஒரு ஃபோல்டருக்குள் போகும் வழி என்று எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாததால் கோப்பு உண்டாகவில்லை. பேரேட்டின் பழைய பக்கத்தில் முழு எண்ணோடு நின்ற பண்ணைகள் பிழைத்துக்கொண்டன. துண்டு வாங்கியவர்கள் அத்தனை பேரும் போனார்கள். ஸ்காலர்ஷிப் மனுவிலெல்லாம் 112/14 என்று எழுதிப் பழகிய கை அது, அந்தக் கைக்கே தோன்றவில்லை! லாகில் எண்கள் இருந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை. பெயர் இருந்த மூலத் தரவை ஏழாவது அன்றைக்கே அழித்துவிட்டது.

"யா அல்லாஹ், நான்தானேம்மா அவசரப்படுத்துனேன்" என்று தலையில் கைவைத்த இப்ராஹிம், தாலுகாவுக்குத் தானே கடிதம் எழுதினார். பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியே மனுச் செய்யலாம், கணினியோடு ஒத்துப்போகும் ஆவணம் இணைக்க வேண்டும் என்று பதில் வந்தது. இதைப் படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா?

கோர்ட்டில் தானே சாட்சி சொல்வதாக ஊர்க்காரர்களின் வக்கீலிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நீ அந்த முப்பத்தொம்பது பேர்ல ஒருத்தர் பொண்ணும்மா. சொந்த நிலத்துக்காகப் பேசுறேம்பாங்க. எடுபடாது."

எடுபடவில்லை. தீர்ப்பு பண்ணை பக்கம் போனது. சரியான நகலோடு வந்தால் அப்பீல் போகலாம் என்றார் வக்கீல்.

அன்று சாயங்காலம் அம்சம் ஊருக்குப் போனாள். தெருவே வீட்டு வாசலில் கூடியிருந்தது. நடுவில் அப்பா. இனி மறைத்து ஆகப்போவது என்ன என்று சொல்லிவிட்டாள்.

"நம்ம பேரெல்லாம் விட்டுப்போனதுக்கு நான் எழுதின வரிதாம்ப்பா காரணம்."

அவர் முகம் தெளிந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நீ எழுதினதா? அப்பத் தேவலை. வேற எவனோ செஞ்சுட்டான்னுல்ல பயந்து கெடந்தோம். நீயே திருப்பி எழுதிடும்மா." பிறகு தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா? நம்ம அம்சம் எழுதினதுதானாம். போயிச் சோத்தத் தின்னுட்டு நிம்மதியாப் படுங்க."

அவர்களும் நிம்மதியாகக் கலைந்து போனார்கள். போகிற போக்கில் நாலைந்து பெண்கள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள்.