குழந்தையின் கன்னத்தில் மை

நடந்ததை முதலில் எழுதுவேன். என் பக்கத்து நியாயத்தைப் பிறகு எழுதுவேன். இந்த நாட்குறிப்பில் அதுதான் என் வழக்கம். இன்று நியாயத்துக்கு இடம் விடப் போவதில்லை.

இராஜபாளையத்தில் மாலை டேலி கணக்கு வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் பரிபூரணம். அவளுடைய சபையார் போடும் கிறிஸ்துமஸ் இசை நாடகத்தில் அவள்தான் மரியாள். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தாலாட்டைப் பாடிப் பழகுவாள். நான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் வீட்டுப் பெண். ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டால், பஸ் இன்னும் செத்த நேரம் வராமல் இருக்கட்டும் என்று தோன்றும்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நாடகம்; அடுத்து எங்கள் ஊரிலும் போடுவார்கள். மேக்கப் அறையில் உதவிக்குக் கூப்பிட்டாள்.

"பொட்டு வச்சிட்டு வரலாமாட்டி?"

"நீ தலைய வச்சிட்டு வந்தாப் போதும்" என்றாள்.

இயேசு பாலனாக நடிக்க நிஜக் குழந்தை: விஜி அக்காவின் கைக்குழந்தை. விஜி அக்கா எங்களைப் போன்ற வீட்டில் பிறந்து, விரும்பியவரைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானமும் பெற்றவர். பால் பாட்டில் கழுவப் போகையில் குழந்தையை என் மடியில் விட்டுப் போனார். மேடையில் மேய்ப்பர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் இருந்த குழந்தை, பாட்டு வந்த திசையைப் பார்த்துச் சிரித்தது. திரை இடுக்கில் பார்த்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. அம்புட்டுக் கண்ணும் இதன் மேல்தானே படப்போகிறது?

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. மேக்கப் பெட்டியில் இருந்த மையைத் தொட்டு இடது கன்னத்தில் வைத்துவிட்டேன். அதற்குள் தேவதூதன் வேஷக்காரர் வந்து குழந்தையை வாங்கிப் போனார்.

பரிபூரணம் தாலாட்டின் நடுவில் குழந்தையைத் தூக்கிச் சபைக்குக் காட்டினாள். விளக்கு கன்னத்தில் விழுந்தது.

"ஏசப்பாவுக்கே திருஷ்டிப் பொட்டா!" என்றார் முன்வரிசையில் ஒருவர். சிரிப்பு கடைசி வரிசைவரை போனது. பரிபூரணம் ஓர் அடியைப் பாடாமல் விட்டுவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் விஜி அக்காவின் மாமியார் உள்ளே வந்தார். "ஏட்டி, ஞானஸ்நானம் வாங்கியும் இந்தப் புத்தி போகலையா? சபை முன்னால எங்க மானத்த வாங்கிட்டியே."

விஜி அக்கா என்னைப் பார்த்தார். முந்தானையை நனைத்துக் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தார். நான் மை ஒட்டிய விரலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் காரணங்கள் கிடைத்தன. நான் விருந்தாளி. இது வேறு மதத்து விஷயம். வாயைத் திறந்தால் இன்னும் பெரிதாகும். எல்லாமே நல்ல காரணங்களாக இருந்தன. அதனால்தான் சந்தேகம் வந்தது.

இன்று வகுப்பு முடிந்ததும் பரிபூரணத்திடம், "பாட்டு நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எங்க நல்லா இருந்துச்சு? பாதியில கோட்ட விட்டேன். விஜி அக்காகூட அவிய மாமியார் மொகம் குடுத்தே பேசலையாம். நம்மூர்ல போடும்போது பிள்ளையத் தர மாட்டாவளாம். பொம்மதான்."

"மைய விஜி அக்கா வைக்கல. நான் வச்சேன்."

அவள் நின்றுவிட்டாள். "அங்கயே சொல்லிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"எங்களப் பாத்தா?"

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? வா" என்று விஜி அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மாமியார் வாசலில் இருந்தார். சொன்னேன்.

"நீயா? எதுக்குட்டி வச்ச?"

"பிள்ள அம்புட்டு அழகா இருந்துச்சு. பாட்டும்… கண்ணு பட்டுரும்னு பயந்துட்டேன்."

"வச்சதுகூடப் போகட்டும். நான் இவள ஏசும்போது பாத்துக்கிட்டு நின்னியே." பிறகு, உள்ளே பார்த்துச் சொன்னார்: "விஜி, பிள்ளைக்குத் துணி துவைச்சு வையி. பொம்மையெல்லாம் வேண்டாம்." என் பக்கம் திரும்பி, "நீயும் வந்து பாட்டக் கேளு. கைய மடியில வச்சிக்கிட்டுக் கேக்கணும்" என்றார்.

பரிபூரணம் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

விஜி அக்கா தெருமுனைவரை வந்தார்.

"ஏங்க்கா அன்னைக்கு என்னையக் காட்டிக் குடுக்கல?"

"வைக்கணும்னு எனக்கும் தோணுச்சு. அத்தைக்குப் பயந்து வைக்கல. பொட்டப் பாத்ததும், நாந்தான் வச்சிட்டேனோன்னு இருந்துச்சு. பொறவு என்னத்தப் பேச?"

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரோ என்னவோ. ஆறவில்லை. அவர் பயந்து செய்யாமல் விட்டதை நான் செய்தேன். ஏச்சை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு வந்தேன்.

நாடகத்துக்குப் போவேன். அந்த விடுபட்ட அடியை நான் கேட்டாக வேண்டும். முன்வரிசையில் உட்கார மட்டும் முகம் இல்லை.