இல்லை சொல்ல மறந்த புளியமரம்

எங்கள் வடக்குவிளாகத்துப் புளியமரம் பேசும். நம்பாதவர்கள் அஞ்சுகிராமம் பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கூடத்துப் பக்கம் இறங்கி, நேரில் வந்து கேட்டிருக்கலாம். இனி முடியாது. பேசும் என்றால் வளவளவென்று அல்ல. ஆமாம், இல்லை, அவ்வளவுதான். கேட்கிறவர் கேள்வியை ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். பூசாரி ஆறுமுகப்பெருமாள் கருங்காலிக் கட்டையால் அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். ‘தொம்’ என்று முழங்கினால் மரத்தில் குடியிருக்கும் சாமி, புளியடி மாடன், சம்மதித்துவிட்டார். ‘டக்’ என்று வறட்டுச் சத்தம் வந்தால் அவருக்கு இஷ்டமில்லை.

கல்யாணம், கிணறு, வயல் வாங்குவது, மருமகனை வீட்டோடு வைத்துக்கொள்வது, எல்லாம் அந்தக் கட்டையைக் கேட்டுத்தான். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகலாமா என்றுகூட எங்கள் ஊரில் ஒருவர் போய்க் கேட்டார். மாடன் ஆமாம் என்றார். இணைப்பு அதற்கு முந்தின மாதமே முடிந்துவிட்டிருந்தது, அது வேறு விஷயம்.

சில வருஷங்களாக மாடனின் குணம் மாறியிருந்தது. முன்பெல்லாம் ஆள் கறார். கேட்டவர்களில் பாதிப் பேரைத் தொங்கிய முகத்தோடு திருப்பி அனுப்புவார். இப்போது யார் எதைக் கேட்டாலும் ஆமாம். ஒரே வயலை வாங்கலாமா என்று அண்ணன் வந்து கேட்டான், ஆமாம் என்றார். மறுநாள் தம்பி வந்து கேட்டான், அவனுக்கும் ஆமாம் என்றார். நானும் ஒன்று கேட்டு ஆமாம் வாங்கியிருக்கிறேன், அந்தக் கதை இப்போது வேண்டாம். சாமிக்கு வயதாகி மனசு இளகிவிட்டது என்று பெண்கள் கண் கலங்கினார்கள். மரத்தின் தூரில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்துக் கட்டைபோல இறுகி நின்றது. மாடன் இறங்கிவரப் படி கட்டுகிறார் என்று சொல்லி அதற்கும் சந்தனம் பூசி, தட்டுக்கு ஒரு விளக்கு வைத்தோம். எங்கள் ஊருக்கு அறிவு குறைவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பக்தி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த மரம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் மேல் சாய்ந்து நின்றது. ஓடு போட்ட ஒற்றைக் கட்டிடம். டீச்சர் கோமளவல்லி உள்ளூர்க்காரி. காற்றடித்தால் அவள் கரும்பலகையைப் பார்க்க மாட்டாள், கூரையைத்தான் பார்ப்பாள். போன வருஷம் வைகாசியில் தொடங்கிய எடவப்பாதி மழையில் தொடைக் கனத்துக்கு ஒரு கிளை முறிந்து விழுந்து, முதல் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் ஓட்டுச் சில்லாக நிறைந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை விழுந்திருந்தால் என்ற பயம் அதன் பிறகு அவளை விடவே இல்லை. ஊரில் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து விழவைத்தது யார், மாடன்தானே என்று அவளுக்கே பாடம் நடத்தி அனுப்பினோம்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், மழைக்கு முந்தின வெயிலில், மராமத்து இலாகா ஓவர்சியர் சுந்தரராஜ் வந்து சேர்ந்தார். கருங்கல் பக்கத்து ஆள். சி.எஸ்.ஐ. சபையில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், அதனால் காது சுத்தம். சாலையோர மரங்களைச் சோதித்து, விழக்கூடியதை மழைக்கு முன்னே வெட்ட ஏற்பாடு செய்வது அவர் வேலை. பையில் ஒரு மரச்சுத்தியல், மரத்தைத் துளைக்கிற ஒரு கைத்துரப்பணம். மரத்தைச் சுற்றி வந்து தட்டிக் காதைச் சாய்ப்பார். சந்தேகம் தட்டிய இடத்தில் துரப்பணத்தைத் திருகுவார். நல்ல மரமென்றால் தூள் சுருள் சுருளாக வரும். இற்றுப்போனதென்றால் காப்பிச் சக்கைபோல ஈரமாக உதிரும்.

எங்கள் மரத்தை அவர் தட்டியதும் தொம் என்றது. ஓரடி நகர்ந்து தட்டினார், தொம். இன்னொரு அடி, அங்கேயும் தொம். கூடி நின்ற எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வேதக்காரருக்கே இத்தனை ஆமாம் என்றால் மனசில் என்ன கேட்டிருப்பார் என்று பேசிக்கொண்டோம். அவர் முகம் மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது. துரப்பணத்திலிருந்து காப்பிச் சக்கை கொட்டியது. நாங்கள் விளக்கு வைத்திருந்தது படியல்ல, மரத்தைத் தின்கிற நோயின் காளான் என்றார். உள்ளே முழுக்க மக்கிப்போய் வெளித்தோடுதான் நிற்கிறது, பலமாக ஒரு காற்று வந்தால் பள்ளிக்கூடத்தின் மேலேதான் படுக்கும் என்றும் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

அரசாங்கம் வெட்டச் சொன்னாலும் கோடாலி பிடிக்க ஆள் வேண்டுமே. மாடன் மரத்தில் கை வைக்கச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். ஊர்த்தலைவர் சிவதாணு அதைத் தெரிந்துகொண்டுதான் பணிவாகப் பேசினார்.

“வெட்டாதயும்னு தடுக்க நான் யாரு ஓவர்சியரே? குடியிருக்கவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம். செவ்வாய்க்கிழம கேப்போம். அவரு சரின்னுட்டா நாங்களே கோடாலி எடுத்துட்டு வாறோம்.”

சொல்லிவிட்டுப் பூசாரியைப் பார்த்தார். பூசாரி வானத்தைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் கோமளவல்லி ஓவர்சியரிடம் வந்தாள். எல்லாருக்கும் ஆமாம் சொல்கிற மரம் இதற்கும் ஆமாம்தானே சொல்லும் என்று அவர் கொஞ்சம் தெம்பாக இருந்தார். அவள் தலையசைத்தாள்.

“பூசாரி நிமிந்து நின்னு தட்டினா ஆமா சார். இல்லன்னு சொல்லணும்னா மட்டும் வடக்குப் பக்கம் போயி குனிவாரு. நான் ஜன்னல் வழியா எத்தன தடவ பாத்திருக்கேன்.”

ஓவர்சியர் வடக்குப் பக்கம் போய்க் குனிந்தார். வேருக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை தேய்ந்து பளபளத்தது. தட்டினார். டக். மரம் முழுவதிலும் மிஞ்சியிருந்த ஒரே கெட்டி இடம் அதுதான். அவருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன.

அப்போது பூசாரியே அங்கு வந்துவிட்டார். திருடன் அகப்பட்ட முகம் அவருக்கு இல்லை. நோயாளி டாக்டரைப் பார்த்த முகம்தான் இருந்தது. இந்த இடம் எத்தனை நாள் தாங்கும் என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த மழையோடு இதுவும் போய்விடும் என்றார் ஓவர்சியர். பூசாரி அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க அப்பா காலத்துல தெக்குப் பக்கம் முழுக்க ‘இல்ல’தான் ஓவர்சியரே. நான் பூசைக்கு வரும்போ அதுல பாதி போச்சு. இப்பம் இந்த உள்ளங்கை எடத்துக்காவ குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு ஒடியுது. நாலு பேருக்கு இல்லன்னு சொன்னாத்தான் அஞ்சாவது ஆளுக்குச் சொல்லுற ஆமாவுக்கு ஒரு மதிப்பு. எல்லாத்துக்கும் தலையாட்டினா அது சாமியா, வீட்டோட மாப்பிள்ளையா?”

இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்ல முடியாத கஷ்டம். கோமளவல்லிக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் சமயத்தை விடவில்லை. பிடிமண் எடுத்துக்கொண்டு மாடனை வேறொரு புளிக்குக் கொண்டுபோகலாமே என்றாள். சாமிகள் இடம் மாறுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல, ஒரு பிடி மண் போதும். பூசாரி யோசித்தார். போகிற மரத்தில் இரண்டு குரலும் இருக்க வேண்டும் என்றார். பிறகு இருவரும் ஓவர்சியரைப் பார்த்தார்கள்.

ஓவர்சியர் விதிர்த்துப்போனார். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் பாடுகிறவன் மாடனுக்கு வீடு பார்ப்பதா? ஜன்னலுக்குள்ளே பிள்ளைகள் வாய்ப்பாட்டை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். அப்புறம் சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தார்.

உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக அவர் அழுகலைத் தேடிப் புறப்பட்டார். பூசாரியும் அவருமாகப் புளி புளியாகத் தட்டிக்கொண்டே போனார்கள். ஒன்று கல்லுப்போல டக் டக் என்றது. “எளவு, நல்ல மரம்” என்று ஓவர்சியர் சலித்துக்கொண்டு நகர்ந்தார். இன்னொன்று முழுக்கத் தொம். அதுவும் உதவாது. கடைசியில் கால்வாய்க் கரையில், வயலுக்கு நடுவே, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தனியாக ஒரு புளி. எந்தக் காலத்திலோ கிளை ஒடிந்த காயத்தில் தண்ணீர் இறங்கி, மேற்குப் பக்கம் மட்டும் உள்ளே மக்கியிருந்தது. கிழக்குப் பக்கம் கெட்டி. விழுந்தாலும் நாற்றைத் தவிர யாருக்கும் சேதமில்லை.

பூசாரி தம் கட்டையை எடுத்துத் தாமே தட்டினார். மேற்கே தொம். கிழக்கே போனார். நெஞ்சு உயரத்தில் தட்டினார். டக். மறுபடியும் தட்டினார், ஆசை தீரவில்லை.

“குனிய வேண்டாம்” என்றார். கண் நிறைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை புளியடி மாடன் வெட்டச் சம்மதிப்பார் என்று மூவருக்குள் பேச்சானது. ஆனால் எங்கள் தலைவர் சும்மா இருக்கிற ஆளா? திங்கட்கிழமையே பூசாரி வீட்டுக்கு ஒரு சேவலும் கோடி வேட்டியும் கொடுத்தனுப்பினார். பூசாரி வாங்கிக்கொண்டார். கொடுப்பதை வாங்கும் விஷயத்தில் அவர் யாருக்கும் இல்லை சொன்னதே கிடையாது.

மறுநாள் அவர் அந்தப் புது வேட்டியை மொடமொடவென்று கட்டிக்கொண்டு வந்ததைக் கோமளவல்லி பார்த்தாள். பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஓவர்சியர் அருகில் வந்து நின்றாள். ஊர் முழுக்கத் திரண்டிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமி, மாடா, உன் மரத்தை வெட்டலாமா என்று கேட்டார். கேட்ட தோரணையிலேயே பதில் அவருக்குத் தெரியும் என்று இருந்தது.

பூசாரி கட்டையை எடுத்தார். மரத்தைச் சுற்றினார். வடக்குப் பக்கம் போய் நின்றார். குனிந்தார்.

கோமளவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். தலைவர் மீசையைத் தடவினார். இந்த ஆளை நம்பி ஒரு வாரத்தைத் தொலைத்தோமே என்று ஓவர்சியர் பல்லைக் கடித்தார். குனிந்த பூசாரி, தேய்ந்து பளபளத்த அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக் கொடுத்தார். அங்கே நெற்றியை வைத்துக் கும்பிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். நிமிர்ந்தபடியே தட்டினார்.

தொம். தொம். தொம்.

தலைவர் இன்னொரு தடவை தட்டச் சொன்னார். பூசாரி கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “உம்ம மவ கல்யாணத்துக்கும் ஒரு தடவதான் கேட்டோம் தலைவரே” என்றார். தலைவரின் மருமகன் கூட்டத்தில்தான் நின்றான். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

வடம் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் இழுத்து வெட்டினோம். வெட்டினோம் என்பது பெரிய வார்த்தை. நாலு வெட்டிலேயே கோடாலி காம்புவரை உள்ளே போய்விட்டது. மரம் முனகிக்கொண்டு சாய்ந்து ரோட்டோரம் விழுந்து பிளந்தது. கிட்டே போய்ப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. கை அகலத்துக்குத் தோடு, நடுவில் இருட்டு, நனைந்த பொடி. முதல் வகுப்புப் பையன் ஒருவன் இந்த வாயில் நுழைந்து அந்த வாயில் வந்தான்.

ஆளுக்கொரு ஆமாம் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் தம்பியைப் பார்த்தான். தலைவர் மருமகனைப் பார்த்தார். நான் யாரைப் பார்த்தேன் என்பது இங்கே தேவையில்லை.

தலைவர்தான் வாயைத் திறந்தார். “அப்பம் இத்தன காலமும் இது சொன்ன ஆமா எல்லாம்…?”

பூசாரி கொஞ்சமும் அசரவில்லை. “உள்ள இவ்வளவு எடம் இல்லாட்டா மாடன் எங்க குடியிருப்பாரு தலைவரே?”

ஊர் ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரவையிட்டாள். கைகள் தலைக்கு மேல் குவிந்தன. எனக்கும் மனசு லேசானது, ஒத்துக்கொள்கிறேன். பூசாரி மடியை ஏந்திப் பிடிமண் எடுத்து, மாடன் இனி கால்வாய்க் கரைப் புளிக்குப் போகிறார் என்றார். தலைவருக்கு மட்டும் இன்னும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அந்தப் புளிக்குள்ளும் மாடனுக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டார். எல்லாரும் ஓவர்சியரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுந்தரராஜ் பொய் சொல்லாத மனுஷன். பிள்ளைகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கடைசியில் தன் சுத்தியலைப் பார்த்தார்.

“மேக்குப் பக்கம் பாதி முடிஞ்சிருக்கு” என்றார்.

அந்த எடவப்பாதியில் காற்று பேயாட்டம் ஆடியது. கோமளவல்லி கூரையைப் பார்க்காமல் கரும்பலகையில் எழுதினாள். மழை விட்டதும் தலைவர் மாடனின் புது மரத்தடிக்கு முதல் கேள்வியோடு வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மரம் நின்ற இடம் இப்போது வெயில் விழுந்து விசாலமாகக் கிடக்கிறது, அங்கே தன் நெல்லுக்குக் களம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். வயல் வரப்பில் பிள்ளைகளோடு நின்ற கோமளவல்லி பூசாரியைப் பார்த்தாள். தலைவர் கொடுத்த அதே வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்த பூசாரி, கட்டையோடு கிழக்குப் பக்கம் போய், குனியாமல் நின்று ஓங்கித் தட்டினார்.

டக்.