கலியபெருமாள் ஓட்டிய பிளசர்

ரஞ்சனியை வீட்டில் முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கு வந்தவன் வண்டிப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிரேக் ஷூவை எடுத்து மேசைமேல் போட்டுவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிடும். கெடுதலே அதுதான்.

செஞ்சி கடைத்தெருவில் நான்கு தலைமுறையாக வியாபாரம் செய்கிற செட்டியார் குடும்பம். இப்போது உதிரிபாகக் கடை ரஞ்சனியின் பொறுப்பு. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் வெள்ளைக்காரன் காலத்து ஊமைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அதில் போகிற கார் எந்தக் கம்பெனி, எந்த வருஷத்தது என்று கண்டுபிடித்து எழுதுவாள். மட்கார்டு வளைவும் விளக்கு மூடியும் தெரிந்தால் போதும் அவளுக்கு. எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவளிடம் கேட்டு எழுதுவார்கள்.

ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் அப்படி ஒரு படம் கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் படக் காப்பகம் ஒன்று வெளியிட்டிருந்தது. செஞ்சி, 1939 என்று தலைப்பு. கோட்டைச் சுவரோரம் புளியமரத்தடியில் மேல்மூடி மடக்கிய ஒரு கார், அந்தக் காலத்தில் பிளசர் என்பார்களே, அது. பக்கத்தில் டிரைவர். ஒரு வெள்ளைக்காரம்மாவுக்குச் சொம்பில் தண்ணீர் நீட்டுகிறான், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான், படம் முடிந்துவிடுகிறது. செஞ்சிக் கோட்டையின் மூன்று மலையில் ஒன்றாவது படத்தில் விழுந்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது.

ரேடியேட்டரைப் பார்த்ததுமே ரஞ்சனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 1928ஆம் வருஷத்துச் செவர்லே. அவளுடைய கொள்ளுத்தாத்தா கந்தசாமி செட்டியார் வைத்திருந்த அதே வகை. திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்குகிற துரைமார்களுக்குக் கோட்டையைச் சுற்றிக்காட்ட அந்தக் காரைத்தான் அனுப்புவாராம். அதை ஓட்டியவர் சிங்கவரத்துக் கலியபெருமாள். செட்டியார் அதைப் பழைய வண்டியாக வாங்கிய நாளிலிருந்து அவரைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியதில்லை.

யுத்தம் முற்றிப் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது செட்டியார் காருக்குப் பின்னால், கரியை எரித்து வருகிற வாயுவில் வண்டியை ஓட்டுகிற கரிவாயு அடுப்பு மாட்டினார். ஒருநாள் பற்றவைக்கும்போது அது வெடித்துக் கலியபெருமாள் செத்துப்போனார். செட்டியார் வீட்டில் இதை விபத்து என்பார்கள். அடுப்பு ஒழுகுகிறது என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல், கல்யாணத்துக்கு நேரமாகிறது பற்றவை என்று செட்டியார் விரட்டினார் என்பார்கள் சிங்கவரத்தில். அப்போது கலியபெருமாள் மனைவிக்கு வயிற்றில் ஆறு மாசம். அந்தப் பிள்ளைதான் பச்சமுத்து. இன்று எண்பதைத் தாண்டிய மனிதர், பவர்டில்லருக்குப் பெல்ட் வாங்க ரஞ்சனி கடைக்குத்தான் வருவார். வரும்போதெல்லாம் சுவரில் மாட்டியிருக்கிற, அதற்கும் முன்னால் செட்டியார் வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். செட்டியார் இருக்கிறார், மாப்பிள்ளை பெண் இருக்கிறார்கள், கார் இருக்கிறது. அதைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்திய ஆளை மட்டும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

தகப்பன் முகத்தைப் பச்சமுத்து பார்த்ததே இல்லை. ஆடி அமாவாசைக்கு எல்லார் வீட்டிலும் செத்தவர் படத்துக்கு மாலை போட்டுப் படைப்பார்கள். அவர் வீட்டில் பலகையின்மேல் ஒரு வேட்டியும் துண்டும் வைத்துப் படைப்பார்கள்.

ஆற அமர யோசிக்கிற ஆளா ரஞ்சனி? உடனே போனைப் போட்டுவிட்டாள்.

"தாத்தா, உங்க நைனா கெடச்சிட்டாரு! காலைல வாங்க. இந்த வருஷம் மொகத்த வச்சிப் படைக்கலாம்."

"எத்தினி மணிக்குக் கடை தொறப்ப?" என்று மட்டும் கேட்டார் பச்சமுத்து.

சாயங்காலம் படத்தைப் பெரிதாக்கி ஓடவிட்டபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நம் பக்கத்தில் அந்தக் காலத்திலும் வலது பக்கம்தான். இடது பக்கம் என்றால் பாண்டிச்சேரி வண்டி. பிரெஞ்சுக்காரன் ஊரிலிருந்து கோட்டை பார்க்க வருகிற கார்களை அவள் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறாள். வண்டி வேறு என்றால் டிரைவரும் வேறு. படத்தை மூடிவிட்டாள். பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா!

காலையில் பச்சமுத்து வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"இல்ல தாத்தா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குது. இது பாண்டிச்சேரி வண்டி."

"அப்ப எங்க நைனா இல்லியா?"

"இல்ல தாத்தா. மன்னிச்சிடுங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்தது வந்துட்டேன். ஒரு வாட்டி காட்டும்மா" என்றார்.

காட்டினாள். கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு, அவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "வுடும்மா. நல்லதாத்தான் போச்சு. இவன் இன்னா எடது கையால தண்ணி குடுக்கறான்? அதுவும் விருந்தாளிக்கு! எங்க நைனா அப்பிடிக் குடுத்திருப்பாரா? குடுத்திருந்தா உங்க செட்டியாரு கட்டி வச்சி ஒதச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ரஞ்சனி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடது கை. மீதிச் சில்லறையை இடது கையால் கொடுத்தாலே, சோத்துக்கையால குடு என்று சண்டைக்கு வருகிற ஊர் இது. 1939இல் ஒரு டிரைவர், துரைசானிக்கு, இடது கையாலா?

மறுபடி ஓடவிட்டாள். இத்தனை தடவை பார்த்தும் காரைத்தான் பார்த்திருக்கிறாள், மனிதர்களைப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். டிரைவருக்குப் பின்னால் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். அந்தச் சைக்கிளுக்குச் செயின் இடது பக்கம்! உலகத்தில் எந்தச் சைக்கிளுக்கடி செயின் இடது பக்கம் இருக்குது என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். படச்சுருளை யாரோ திருப்பிப் போட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாமே இடம் மாறிக் கிடக்கிறது.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுத் தெருவுக்கு ஓடினாள். சிங்கவரம் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்குள் புகுந்து, அவர் கையைப் பிடித்து, "ஒண்ணும் கேக்காதீங்க தாத்தா, வாங்க" என்று இழுத்துவந்தாள்.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. படத்தை இடவலமாகத் திருப்பினாள். ஸ்டியரிங் வலது பக்கம் வந்தது. சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். மிதிபலகையில் தண்ணீர்க்குடம் நிற்பதற்காக உள்ளூர்க் கொல்லர் அடித்து மாட்டிய இரும்பு வளையம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. முன் மட்கார்டின் நசுங்கலும் அதே இடத்தில். திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டு வண்டிதான் தாத்தா. இவருதான் உங்க நைனா. பாருங்க, சோத்துக்கையாலதான் குடுக்கிறாரு."

சிரிக்கிற இடத்தில் படத்தை நிறுத்தினாள். பச்சமுத்து திரைக்கு வெகு அருகில் குனிந்தார். மீசை சரியாக முளைக்காத முகம்.

"இன்னாம்மா இது, சின்னப் பையனா இருக்கான்?"

"அப்ப இருவது வயசுதான் இருக்கும் தாத்தா."

"எம் பேரன் அன்புமணிய வுட சின்னவன்." என்றார் அவர். "நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து வேட்டிய வச்சிப் படைச்சி, நைனா என் புள்ளைங்களக் காப்பாத்து, என் நெலத்தக் காப்பாத்துன்னு இவன்கிட்டயா கேட்டுக்கினு இருந்தேன்?"

திரையில் அந்தக் கன்னத்தைத் தொட்டார்.

"இந்தப் புள்ளய அன்னிக்கு ஒருத்தரும் காப்பாத்தலியேம்மா."