தொண்ணூற்று நான்கு கெஜம்

டாரல் ஓஸ்ட்பி தொண்ணூற்று நான்கு கெஜத் தொலைவிலிருந்து வயிற்றில் எய்த மான் சாகவில்லை. மூன்றாம் நாள் காலை அது அவன் வீட்டு முன்புல்வெளியில் வந்து நின்றது. பதினைந்து மாதம் அங்கேயே நின்றது. அந்த ஆண்டு ஹோல்ம்வில்லில் பால் விலை இறங்கியிருந்தது, சோளம் சுமாராக விளைந்திருந்தது, மான் நின்றது.

எங்கள் ஊர் விஸ்கான்சினின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இங்கே வில் எடுக்காத ஆண்கள் இரண்டே பேர்: ஒருவர் பாதிரியார், இன்னொருவருக்கு வலது கை இல்லை. வியாழக்கிழமை மாலைகளில் பாருக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கூடுவோம். ரப்பர் நுரையில் செய்த மான் ஒன்று அங்கே நெஞ்சில் வட்டத்தோடு நிற்கும். நூறு கெஜத்தில் எய்து பழகியவனுக்குக் காட்டில் முப்பது கெஜம் தண்ணீர் பட்ட பாடு என்பது எங்கள் சங்கத்தின் கொள்கை. கொள்கையில் பிழையில்லை. நூறு கெஜத்தில் பழகும் பாதியை எல்லோரும் செய்தோம். முப்பது கெஜத்துக்குக் கிட்டே போகும் பாதியை ஒருவரும் செய்யவில்லை. கிட்டே போவதென்றால் விடியுமுன் எழுந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, நாலு மணி நேரம் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு மரத்துப் பரணில் அசையாமல் உட்கார வேண்டும். மைதானத்தில் அந்தத் தொல்லை கிடையாது. பக்கத்தில் பீர் இருக்கும்.

டாரல்தான் எங்களில் கெட்டிக்காரன். கப்பி வைத்த புது வில்லால் நூற்றிருபது கெஜத்தில் பீர் மூடியைத் துளைப்பான். நுரை மான் எவ்வளவு தூரத்திலும் நின்ற இடத்தில் நிற்கும் என்பதை அவனும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. தொண்ணூற்று நான்கு கெஜத்தைக் கடக்க அம்புக்கு ஒரு வினாடி ஆகிறது. அந்த அக்டோபர் சனிக்கிழமை, அந்த ஒரு வினாடியில், மான் ஓர் அடி முன்னால் வைத்தது. நெஞ்சுக்குப் புறப்பட்ட அம்பு வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. ஈரத் துணியைச் சுவரில் அறைந்த மாதிரி சத்தம் கேட்டதாக டாரலே சொன்னான். இரண்டு நாள் தேடியும் மான் அகப்படவில்லை, அம்பு மட்டும் கிடைத்தது. அதைப் பாரில் மேசைமேல் வைத்தான். ரத்தத்தைவிடப் பச்சைக் கூழ்தான் அதிகம் ஒட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் மான் அறுத்துக் கொடுக்கும் கசாப்புக்காரர் மெர்லின் ஸ்குடா அதை மோந்து பார்த்துவிட்டுத் தன் பிளேட்டைத் தள்ளி வைத்தார்.

"குடல்டா. கிடைச்சா என் கடைப் பக்கம் கொண்டு வந்துடாத. போன வருஷம் இந்த மாதிரி ஒன்ன அறுத்துட்டு ஒரு வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கல."

"அது கிடக்கட்டும். எத்தன கெஜம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தொண்ணூத்தி நாலு."

"அடப்பாவி" என்று சொல்லி அவனுக்குப் பிராந்தி வாங்கிக் கொடுத்தார்கள். நானும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தேன். அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

புல்வெளிக்கு வந்த மான் மேய்ந்தது. தின்ற புல் விலாவில் இருந்த ஓட்டை வழியாக, பாதி அரைபட்டு, வெதுவெதுப்பாக வெளியே விழுந்தது. விழுந்ததைத் திரும்பத் தின்றது. டிசம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரிலும் அந்த ஓட்டையைச் சுற்றிப் பச்சை ஈக்கள் பறந்தன. வனக் காவலர் வந்து துப்பாக்கியால் தலையில் இரண்டு முறை சுட்டார். குண்டுகள் மறுபக்கம் புல்லில் உதிர்ந்தன, மான் காதை ஆட்டியது. எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுக் காவலர் போய்விட்டார். நாற்றம் தெருமுனை வரை வந்தது, பிறகு தேவாலயத்துப் பாட்டுப் புத்தகங்களுக்குள் போனது, பிறகு காப்பிக்குள். பாதிரியார் பிரசங்கத்தைப் பதினோரு நிமிடமாகச் சுருக்கினார். அதை மட்டும் எல்லோரும் வரவேற்றோம்.

டாரலின் மனைவி ஷார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மார்ச் மாதத்திலிருந்து பிள்ளைகள் கடைசி வரிசையிலிருந்து உட்கார்ந்துகொண்டு வந்தார்கள். அவளுக்குப் பின்னாலிருந்த நான்கு வரிசையும் காலி. அவள் தினம் மூன்று முறை தலைக்குக் குளித்தாள். வீடு அவளுடைய அப்பா கட்டியது. மானை உயிரோடு வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்று டாரலிடம் தன்மையாகத்தான் ஆரம்பித்தாள்.

டாரலும் முயலாமல் இல்லை. முதல் தடவை இருபது கெஜத்தில் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் மானின் கண் தெரிந்தது, ஓட்டைக்குள் ஏதோ நெளிவதும் தெரிந்தது. நாற்றத்தில் குறி கலைகிறது என்று சொல்லி அறுபது கெஜத்துக்குப் பின்வாங்கினான். அறுபதில் எய்தபோது மான் ஓர் அடி வைத்தது. அம்பு வயிற்றில் குத்தி நின்றது. பழக்கம் போதவில்லை என்று தீர்மானித்து மைதானத்தில் தினம் நானூறு அம்பு எய்தான், எண்பதுக்குப் போனான், நூறுக்குப் போனான். ஒவ்வொரு முறையும் ஓர் அடி, ஒவ்வொரு முறையும் வயிறு. இரண்டாவது அக்டோபரில் மானின் வயிற்றில் ஒன்பது அம்புகள் இருந்தன. நாங்கள் மடக்கு நாற்காலி போட்டு எதிர்ச்சாரியில் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்பதும் ஒரு பிளேட்டுக்குள் அடங்கும், இந்த ஜில்லாவில் இப்படி நெருக்கமாகப் போட யாருக்கு வரும் என்று பேசிக்கொண்டோம். மான் இருமியபோது ஒன்பது அம்பும் சேர்ந்து ஆடின. யாரோ கைதட்டினார்கள்.

அன்றைக்குத்தான் ஷார்லீன் வாசலுக்கு வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"டாரல், ஜனவரியில சீசன் முடியுதில்ல? முடியறதுக்குள்ள இது சாகணும். இல்லைன்னா நீ பெட்டியக் கட்டு. இந்த மானோடகூட இருந்துடுவேன், உன்கூட முடியாது."

"இன்னும் கொஞ்சம் பழகினா போதும் ஷார்லீன்."

"பழகினது போதும். கிட்ட வா."

டாரலுக்கு அவளை விட்டுப் போக மனமில்லை. இருபத்திரண்டு வருடம் அவள் கையால் சாப்பிட்டவன். அவன் கராஜில் உட்கார்ந்து அழுததை மெர்லின் பார்த்திருக்கிறார். அழுது முடித்ததும் எழுந்து வில்லின் கப்பிகளுக்கு எண்ணெய் போட்டானாம்.

சீசனின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு ஊர் மொத்தமும் மப்ளருக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. டாரல் சாலையைத் தாண்டி, அறுத்த சோளக்கட்டைகளுக்கு நடுவே, நூற்று நாற்பது கெஜத்தில் நின்றான். ஷார்லீன் புல்வெளி ஓரத்திலிருந்து இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கூப்பிட்டாள்.

"வாடா இங்க. நான் பக்கத்துல நிக்கறேன். மூக்க நான் பிடிச்சுக்கறேன், நீ வில்லப் பிடி."

டாரல் தூரம் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்து அவளைப் பார்த்தான். "நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்.

ஷார்லீன் கராஜுக்குள் போனாள். கப்பி இல்லாத பழைய மரவில் ஒன்றோடும் ஒரே அம்போடும் வந்தாள். அவள் வில் பிடித்து யாரும் பார்த்ததில்லை. மானுக்கு நாலு கெஜம் கிட்டே போய் நின்றாள், குனிந்து பனியில் வாந்தி எடுத்தாள், கையுறையால் வாயைத் துடைத்தாள், நிமிர்ந்தாள். மானை நேராகப் பார்த்தாள். நாணை இழுத்தாள். மான் அடி எடுத்து வைக்கவில்லை. அம்பு முன்னங்காலுக்குப் பின்னால், இறகு வரை இறங்கியது.

மான் முட்டி போட்டுச் சாய்ந்தது. பதினைந்து மாதமாகச் சாகாமலிருந்ததை அது ஒரே நிமிடத்தில் செத்து முடித்தது. தோல் கறுத்து, உப்பி, வெடித்து, எலும்பாகி, அந்த எலும்பும் வெளுத்தது. ஈக்கள் எல்லாம் பனியில் கறுப்பு அரிசி மாதிரி கொட்டின. எதிர்ச்சாரியில் ஏழு பேர் வாந்தி எடுத்தோம். காற்று மாறியதும் வெறும் பனி வாசம் வந்தது. அது எப்படியிருக்கும் என்பதே எங்களுக்கு மறந்திருந்தது.

"எத்தன கெஜம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாலு" என்றார் மெர்லின்.

"நாலா? அது வேட்டையா, கை குலுக்கறதா?"

கொஞ்சம் சிரித்தோம். மெர்லின் சிரிக்கவில்லை. டாரல் சோளக்கட்டைகளைத் தாண்டி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் குறி பார்த்துட்டுத்தான் இருந்தேன். நீ குறுக்க வந்துட்ட" என்றான்.

ஷார்லீன் உள்ளே போய் அவன் பெட்டியைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். அது முன்பே கட்டி வைத்த பெட்டி. பிறகு வீட்டின் எல்லா ஜன்னல்களையும் அந்தக் குளிரிலேயே திறந்து வைத்தாள். திங்கட்கிழமை பேருந்தில் பிள்ளைகள் முன்வரிசைக்குச் சண்டை போட்டார்கள்.

டாரல் இப்போது பாரின் மாடியில் வாடகைக்கு இருக்கிறான். நூற்றறுபது கெஜத்தில் பழகுகிறான்; வியாழக்கிழமைகளில் நாங்களும் போகிறோம். அடுத்த இலையுதிர் காலத்தில் மூன்று வீட்டு முன்பும், அதற்கடுத்ததில் பதினோரு வீட்டு முன்பும் மான்கள் வந்து நின்றன. அந்தந்த வீட்டுப் பெண்கள் ஷார்லீனுக்குப் போன் செய்கிறார்கள். மான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, வாசலில் பனி வாரியிருக்கிறதா என்று இரண்டு கேள்விதான் கேட்பாள். சனிக்கிழமை ஏழு மணிக்கு மரவில்லோடு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுகிறாள்.