நீலம் வராத தண்ணீர்

"இது பூத்தா இங்கயே இருந்துடறேன் மாப்பிள்ளை. இல்லேன்னா மலைக்கே போயிடறேன்" என்று என் மாமியார் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலையில் தனியாக இருந்து இரண்டு முறை வழுக்கி விழுந்தவர். திரும்பிப் போனால் என் மனைவிக்குத் தூக்கம் போகும். அவளுக்குப் போனால் எனக்கும் போகும்.

அவர் தொட்டியோடு கொண்டுவந்தது ஒரு ஹைட்ரேஞ்சியா பூச்செடி. மலைக்குளிரில் பந்து பந்தாக நீலமாய்ப் பூத்தது. எங்கள் வீடோ நாலாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. மாலை வெயில் தோலை உரித்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் வாளியில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். குட்டி போட்ட பூனை மாதிரி தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடி அலைந்தேன். குடைகூடப் பிடித்தேன்.

"எனக்கு ஒரு நாள் பிடிச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

இலைகள் கருகின. மாமியாரும் வாடினார். மரியாதைக்காக மேற்குப் பக்கத்துப் பெரிய அறையை அவருக்குக் கொடுத்திருந்தோம். கேட்டால் "வசதியாத்தான் இருக்கு" என்பார். பகலெல்லாம் சோபாவில் கண் அசருவார்.

அம்மாவும் மகளும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன சமயம், நர்சரியில் நீலமாய்ப் பூத்த செடி ஒன்றை வாங்கிப் பழைய தொட்டியில் மாற்றினேன். கருகியதைப் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தேன்.

திரும்பி வந்தவர் பல நாள் அந்தப் பூவைத் தாண்டியே போய் வந்தார். கடைசியில் நானே வாயைக் கொடுத்தேன்.

"நல்லா பூத்திருக்குல்ல அத்தை?"

"நம்ம செடி இந்தச் சுண்ணாம்புத் தண்ணியைக் குடிச்சுப் பூத்தா ரோஸாத்தான் பூக்கும் மாப்பிள்ளை. பார்த்த அன்னைக்கே தெரியும்."

"நீங்க போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன் அத்தை."

"இங்க வாங்க" என்று துணி துவைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். காலை வெயில் மட்டும் எட்டிப்பார்க்கும் கிழக்கு மூலை. எப்போதும் ஈரத்துணியின் குளிர்ச்சி. மெஷினுக்குப் பின்னால், கருகிய குச்சியெங்கும் பச்சைத் துளிர்.

"நான்தான் தண்ணி ஊத்தறேன். நீங்க ஒளிச்சு வச்ச இடம் அதுக்குப் பிடிச்சுப்போச்சு."

"இன்னும் பூக்கலையே அத்தை" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த சின்ன அறையை எட்டிப் பார்த்தார். பழைய பெட்டிகளை நாங்கள் அடைத்து வைத்திருக்கும் அறை.

"இதையெல்லாம் எடுத்துட்டு என் கட்டிலை இங்க போடுங்க" என்றார். "அந்த மேற்கு வெயில் ரூம்ல மனுஷி தூங்க முடியுமா?"