மேசையில் விட்ட அன்டெனா

மருதமுனைக் கடற்கரைத் திடலில் நாளைக்குப் பெருநாள் தொழுகை. நிப்றாஸ் பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே வந்து, கடல் பக்கத்தில் மேசையைப் போட்டு, கம்பியில்லா மைக்கின் அலையை வாங்கும் றிசீவர் பெட்டியை அதில் வைத்தான். ஊரில் அவன் பெயர் கெட்டது இந்தப் பெட்டியால்தான். போன பெருநாளுக்கும் இப்படித்தான் வெறுந்திடலில் சோதித்தான், கணீரென்று கேட்டது. மறுநாள் சனம் எழுந்து நின்றதும் குரல் விட்டுவிட்டு வந்தது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அது மைக்கின் அலையைக் குடித்துவிடும் என்பதை அந்த மகாகெட்டிக்காரன் யோசிக்கவில்லை. பெட்டியின் அன்டெனா இரண்டும் இடுப்புயரத்தில், எல்லா வரிசைகளுக்கும் பின்னால் இருந்தன. சுஜூதிலிருந்து எழும்பச் சொல்லும் ‘அல்லாஹு அக்பர்’ என்ற தக்பீர் வரவேயில்லை. முன்னால் இருந்தவர்கள் இமாமோடேயே எழும்பி அலையை மறைத்துவிட்டார்கள். பின்னால் பத்து வரிசை நெற்றியை மணலில் வைத்தபடியே கிடந்தது. “எழும்பச் சொல்ல ஆளில்லாமக் கிடந்தம் மனே” என்று ஷரிபுதீன் சாச்சா சொன்னபோது அவனுக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. நாளைக்கும் பிழைத்தால் இந்த ஊரில் அவனுக்கு முகமில்லை.

இம்முறை ஓர் அன்டெனாவைக் கழற்றி, இரண்டாள் உயரக் கம்பின் நுனியில் கட்டினான். மற்றதை வித்தியாசம் பார்ப்பதற்காக மேசையிலேயே விட்டான். அலை எவ்வளவு வருகிறதென்று காட்ட ஒவ்வொன்றுக்கும் ஐந்து பச்சை விளக்குகள். திடலின் மறுகோடியில், இமாம் நிற்கும் இடத்தில், பாங்கு சொல்லும் மோதினார் காலிதீன் காக்கா மைக்கோடு நின்றார்.

“என்ன மனே சொல்ற? ஒண்டு ரெண்டு எண்டா?”

“தொழுகையில சொல்ற மாதிரியே தக்பீரச் சொல்லுங்க காக்கா. குனியத் தேவல்ல, நிண்டு சொன்னாப் போதும்” என்று நிப்றாஸ் கத்தினான்.

முதல் தக்பீர் முடிந்ததும் மேசை அன்டெனாவின் விளக்கு ஒன்றுக்கு இறங்கியது. கம்பிலிருந்ததற்கு ஐந்தும் எரிந்தன. நிப்றாஸ் நிமிர்ந்து பார்த்தான். மணல், இரண்டு காகம், தூரத்தில் மோதினார். குனியும் ருகூஉவுக்கான தக்பீரில் விளக்கு மூன்றானது. சுஜூதுக்கு ஐந்து. எழும்பும் தக்பீருக்கு மறுபடி ஒன்று. மோதினார் ஒரு சாண்கூட அசையவில்லை. கேபிளை மாற்றினான், மைக்குக்குப் புது பற்றரி போட்டு வந்தான், மறுபடி சொல்லச் சொன்னான். அதேதான். ஆளுயரத்துக்கு ஏதோ நிற்கிறது, குனிகிறது, விழுகிறது, எழுகிறது என்று அவனுடைய தொழில் சொன்னது. கண்ணோ, ஒன்றுமில்லை என்றது. சுனாமியில் கடல் ஏறி வந்த அந்த வருசத்துக்கு முன் இங்கே மூன்று தெரு வீடுகள் இருந்தன.

மோதினார் சுஜூது தக்பீரைச் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

“பாங்குக்கு நேரமாப் போச்சு மனே. நல்லாத்தானே கேக்குது?”

“ஓம் காக்கா. நல்லாக் கேக்குது.”

அவர் மைக்கை அணைக்காமலே ஸ்டேண்டில் மாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது அன்டெனாவையும் உயரத்தில் கட்டிவிட்டால் நாளைக்கு ஒரு பிசகும் வராது, பார்ப்பதற்கும் எதுவும் இருக்காது. நிப்றாஸ் அதைக் கழற்றக் கையை நீட்டினான். ஐந்து விளக்குகளும் எரிந்தன. ஒரு நிமிசம் பார்த்தான். இன்னொரு நிமிசம். ஒன்றுகூட இறங்கவில்லை. சுஜூதில் கிடப்பவர்களை எழும்பச் சொல்ல ஆளில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

திடலுக்குக் குறுக்கே போயிருந்தால் கிட்ட. தொழுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாதென்று வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு ஓடினான். செருப்பைக் கழற்றினான். மேற்கே பார்த்து நின்று மைக்கைக் கையில் எடுத்தான்.

“அல்லாஹு அக்பர்.”

குரல் பெட்டிகளில் ஏறிக் கடல்வரைக்கும் போனது. அவன் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், உடுப்புகளிலிருந்து மணல் உதிரும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வரிசையில். பிறகு அதற்கும் பின்னால்.